முதல் செலஸ்டின்

செலஸ்டினுக்குச் சிவப்பு ஐசி. பிரஜைகளுக்கு நீல அடையாள அட்டை, பிரஜை இல்லாதவனுக்குச் சிவப்பு. வீட்டில் இருந்த ஆறு பேரில் அவன் ஒருவனுக்குத்தான் அந்த நிறம். மனைவி அகத்தா பினாங்கில் பிறந்தவள். பிள்ளைகள் மூவரும் நாடு சுதந்திரமடைந்த மெர்டேக்காவுக்குப் பிறகு பிறந்தவர்கள். அக்கா பிரிஜெட் இரண்டு வயதில் கப்பலில் வந்தவள் என்றாலும், பிரஜாவுரிமை எழுத ஆட்கள் தோட்டத்துக்கே வந்தபோது அங்கே ஆயாக்கொட்டாயில் குழந்தைகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வரிசையில் நின்று எழுதிக்கொண்டாள். செலஸ்டின் அப்போது பாடாங் பெசார் பக்கம் மரலாரியில் கிளீனராகத் திரிந்துகொண்டிருந்தான். திரும்பி வந்தபோது எழுதுகிறவர்கள் போய்விட்டிருந்தார்கள். அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டான்.

அந்த அப்புறம் வரவே இல்லை. சிவப்பு ஐசிக்காரர்கள் வேலை செய்ய பெர்மிட் வேண்டும் என்று சட்டம் வந்தது. அவனுக்கு சுங்கைப்பட்டாணியில் ஒரு ரப்பர் தொழிற்சாலையில் புகைவீட்டு வேலை. பெர்மிட் முடியும்போதெல்லாம் லீவு போட்டுவிட்டுப் போய் வரிசையில் நிற்பான். சாயங்காலம் வீட்டுக்கு வந்து நாற்காலியில் உட்கார்ந்தால் சட்டையைக் கழற்றக்கூட எழுந்திருக்க மாட்டான். எழுபத்தேழில் ஆபீசில் கணக்கெழுதும் கிராணி அவனைக் கூப்பிட்டுச் சொன்னார்.

"அண்ணே, அடுத்த தடவை ஒங்களுக்கு பெர்மிட் கேட்டு கம்பெனியில எழுத மாட்டாங்களாம். நீல ஐசிக்கு வழி பாருங்க."

"நான் இந்த ஊர்லதான பொறந்தேன்."

"அதுக்கு சூராட்டு இருக்கா?"

பிறப்புப் பத்திரம் என்று அவன் எதையும் பார்த்ததில்லை. ஐசி எடுத்தபோது வேலை வாங்கும் தோட்டத்து மண்டோர் சொன்னதை வைத்து 1934 என்று எழுதியிருந்தார்கள். அவ்வளவுதான். இருந்தும் தகப்பன் பெயர், தாய் பெயர், தோட்டத்தின் பெயர் எல்லாம் எழுதி, பழைய பதிவு ஏதாவது இருக்கிறதா என்று தேடித் தரும்படி அலோர் ஸ்டாருக்கு மனுப் போட்டான். மூன்று மாதம் கழித்துப் பழுப்பு உறை ஒன்று வந்தது. பதிவு இருந்தது.

பாக்கார் ஆராங்கில் வரிசைவீடு அவர்களுடையது. முன்கூடத்தில் நின்றபடியே செலஸ்டின் அதை உரக்கப் படித்தான். பெயர் செலஸ்டின். ஆண். தகப்பன் மரியராஜ், தாய் பாப்பம்மா. கல்லுமலைத் தோட்டம். பிறந்த தேதி 14 மே 1931.

"எனக்கு மூணு வயசு கூடிப்போச்சு லா," என்றான்.

அகத்தா சிரித்தாள். அவன் வீட்டுக்குள் நின்று வேடிக்கையாக ஏதாவது சொல்லி வெகுநாளாகியிருந்தது. பிரிஜெட் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். கை நின்றது. பிறகு மறுபடி ஆயத் தொடங்கினாள்.

கூடவே ஒரு கடிதமும் இருந்தது. ஐசியில் உள்ள வயதுக்கும் பதிவில் உள்ள வயதுக்கும் மூன்று வருஷம் வித்தியாசம். பதிவில் உள்ளவர் இவர்தான் என்று மூத்த உறவினர் ஒருவர் நேரில் வந்து சத்தியப் பத்திரம் கொடுக்க வேண்டும். ஞானஸ்நானச் சான்று இருந்தால் அதையும் கொண்டு வரலாம்.

"மூத்தவங்கன்னா நீங்க ஒருத்திதான் இருக்கீங்க, அக்கா," என்றான் செலஸ்டின். "ஒரே ஒரு கையெழுத்துதான்."

"பாப்போம் தம்பி," என்றாள் பிரிஜெட்.

அவள் அவனைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை. அதை யாரும் கவனித்ததும் இல்லை, ஏனென்றால் அந்தக் குடும்பத்தில் பெண்கள் ஆண்களின் பெயரைச் சொல்வதே அபூர்வம். அவர்கள் வம்சத்தில் மூத்த ஆண் பிள்ளைக்கு இரண்டே பெயர்கள்தான். தாத்தா செலஸ்டின் என்றால் மகன் மரியராஜ். மரியராஜின் மகன் மறுபடி செலஸ்டின். ஊரில் இருந்த காலத்திலிருந்தே அப்படித்தான். வீட்டுக்கு வந்த மருமகள் மாமனார் பெயரைச் சொல்லக்கூடாது என்பதால், சொந்தப் பிள்ளையைக் கூப்பிட அவள் வேறொரு பெயரைத் தேடிக்கொள்வாள். அகத்தாவின் மூத்த மகன் கோயில் புத்தகத்தில் மரியராஜ். வீட்டில் டக்ளஸ். தோட்டத்தில் வேலை பார்த்த ஒரு தொரையின் பெயர் அது. பிரிஜெட்டின் அம்மா பாப்பம்மாவும் செலஸ்டின் என்று வாயால் சொன்னதில்லை. பெரியவனை ராசு என்றாள். சின்னவனைத் தம்பி என்றாள்.

பெரியவன் என்று ஒருவன் இருந்ததுதான் செலஸ்டினுக்குத் தெரியாது.

1931 மே மாதம் பிறந்தவன் அந்த ராசு. பிரிஜெட்டுக்கு அப்போது எட்டு வயது. அம்மா பால்வெட்டப் போகும்போது பிள்ளையை இவள் இடுப்பில் வைத்துக் கட்டிவிட்டுப் போவாள். இரண்டு வயது முடிந்து சில மாதங்களில் காய்ச்சல் வந்தது. நாலு நாள் இருந்தான். ஐந்தாம் நாள் காலையில் இல்லை. மறு வருஷம் இன்னொரு ஆண் பிள்ளை பிறந்தது. அப்பா அவனுக்கும் செலஸ்டின் என்றே பெயர் வைத்தார். தன் அப்பா பெயர் தன் வீட்டில் இல்லாமல் போகக்கூடாது என்றார். வேற பேரு வெய்யுங்க என்று அம்மா இரண்டு நாள் சாப்பிடாமல் இருந்து பார்த்தாள். பயனில்லை. பிறப்பைப் பதியச் சொல்லி தோட்டத்து ஆஸ்பத்திரி டிரெஸ்ஸர் ஞாபகப்படுத்தியபோது, "அதே பேருதானே, பேப்பர்தான் இருக்கே," என்று அப்பா சொல்லிவிட்டார். பிறகு ஜப்பான்காரன் வந்தான். அந்தப் பேப்பரும் போயிற்று. அம்மாவும் அப்பாவும் செத்துப்போன குழந்தையைப் பற்றி வாய் திறக்கவில்லை. அவர்கள் பேசாததை பிரிஜெட்டும் பேசவில்லை. நாற்பத்து நாலு வருஷம் அப்படியே போய்விட்டது.

ஞானஸ்நானச் சான்றை எடுத்துத் தருவதாகச் சொன்னவர் உபதேசியார் ஜெரார்ட். பழைய கோயில் புத்தகங்களைப் புரட்டுவதில் அவருக்கு ஆசை உண்டு. பங்கில் இருந்த தோட்டத்துக் குடும்பங்களுக்கு யாருக்கு யார் பிள்ளை, எந்த ஊரிலிருந்து வந்தவர்கள் என்று தனி நோட்டுப் போட்டு எழுதி வந்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து நேராக வீட்டுக்கே வந்தார். காப்பியைக் கையில் வாங்கியபடியே சொன்னார்.

"செலஸ்டின், ஒங்க அப்பாவுக்கு ரெண்டு செலஸ்டின் இருந்திருக்கான் போலிருக்கே. ஒருத்தன் முப்பத்தொன்னு மே. இன்னொருத்தன் முப்பத்து நாலு ஆகஸ்ட். மொதல்ல எழுதினவர் தப்பா எழுதிட்டாரோன்னு நெனச்சேன். அப்புறம் அடக்கப் புத்தகத்தையும் பாத்தேன். முப்பத்து மூணு அக்டோபர். செலஸ்டின், மரியராஜ் மகன், ரெண்டு வயசு, கல்லுமலைத் தோட்டம். ஒங்களுக்கு முந்தினவன். தெரியுமில்ல?"

செலஸ்டின் அக்காவைத் திரும்பிப் பார்த்தான். ஜெரார்டுக்குத் தான் என்ன செய்துவிட்டோம் என்று அப்போதுதான் புரிந்தது. காப்பியைப் பாதியில் வைத்துவிட்டு, இரண்டாவது ஞானஸ்நானத்தின் சான்றை மேசைமேல் வைத்துவிட்டுக் கிளம்பினார்.

"நெசமா அக்கா?"

"நெசந்தான்."

"ஏன் எங்கிட்ட சொல்லல?"

"என்னான்னு சொல்றது? செத்துப்போனவன் பேருதான் ஒனக்குன்னு சொல்றதா?"

அவன் அந்தப் பழுப்பு உறையை எடுத்துப் பார்த்தான். பிறகு மேசையில் கிடந்த சான்றைப் பார்த்தான். அலுத்துப்போன குரலில் சொன்னான்.

"அந்தப் பேப்பர் அவனோடது. எனக்கு ஒண்ணும் எழுதல. அப்படித்தானே?"

"அப்படித்தான்."

"சரி. அவன்தான் நான்னு நீங்க கையெழுத்துப் போட்டா முடிஞ்சுது. ரெண்டு வயசுல போனவனுக்கு அதுல என்னா நஷ்டம்? எனக்கு வேலை போயிரும் அக்கா."

பிரிஜெட்டிடம் மறுப்பதற்கு ஒன்றும் இல்லை. தோட்டத்தை விட்டு வந்ததிலிருந்து அவள் தம்பி வீட்டுச் சோறுதான் சாப்பிடுகிறாள். வீக்கம் கண்ட கால்களுக்குத் தைலம் வாங்கி வருவதும் அவன்தான். போடுகிறேன் என்று சொன்னாள். மனசறிந்துதான் சொன்னாள்.

அலோர் ஸ்டாருக்கு முதல் பஸ்ஸில் போனார்கள். குரூண் தாண்டியதும் இரண்டு பக்கமும் அறுத்துவிட்ட வயல்கள். செலஸ்டின் கல்யாணத்துக்குப் போட்ட காற்சட்டையைப் போட்டிருந்தான். இடுப்பில் பிடித்ததால் பெல்ட்டைக் கட்டாமல் சட்டையை வெளியே விட்டிருந்தான். வழியெல்லாம் அவளுக்குச் சொல்லிக்கொடுத்துக்கொண்டே வந்தான். எப்ப பொறந்தான்னு கேப்பாங்க. முப்பத்தொன்னு மே. எங்கன்னு கேப்பாங்க. தோட்டத்து லயத்து வீட்டுல. அவள் ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினாள்.

பதினோரு மணிக்குத்தான் அவர்கள் நம்பர் வந்தது. அவளுக்கு மலாயில் அரைகுறைதான் என்பதால் குணவதி என்ற தமிழ்க் கிராணியிடம் அனுப்பினார்கள். முப்பது வயதுப் பெண். பெஞ்சில் உட்காரவைத்து, தண்ணீர் வேண்டுமா என்று கேட்டுவிட்டு, டைப் மிஷினில் தாளைச் செருகினாள்.

"அம்மா, நான் கேக்கறதுக்குப் பதில் சொல்லுங்க. நான் அடிச்சு முடிச்சதும் உள்ள பெரிய ஆபீசர் படிச்சுக் காட்டுவாரு. அதுக்கப்புறம்தான் சத்தியம். சரியா?"

"சரிம்மா."

"இவரு ஒங்க கூடப் பொறந்த தம்பியா?"

"ஆமா."

"பேரு?"

"செலஸ்டின்."

"இந்த சூராட்ல இருக்கறவரு இவர்தானா?"

"ஆமா," என்றாள் பிரிஜெட். சத்தம் நன்றாகவே வந்தது. பக்கத்தில் செலஸ்டின் மூச்சு விட்டது கேட்டது.

குணவதி தட்டிக்கொண்டே போனாள். பிறந்த வீடு. அப்பா இறந்த வருஷம். அம்மா இறந்த வருஷம். "ஒங்க அம்மாவுக்கு மொத்தம் எத்தன பிள்ளைங்க?"

"அஞ்சு."

"இருக்கறவங்க?"

"நாங்க ரெண்டு பேரு."

"எறந்துபோன மூணு பேரு பேரையும் சொல்லுங்க."

"எனக்குப் பின்னாடி ரெண்டு. பொறந்ததுமே போயிருச்சுங்க. பேரு வெக்கல."

"இன்னொருத்தரு?"

பிரிஜெட் வாயைத் திறந்தாள். இல்லை, நாலு பேர்தான், தப்பாகச் சொல்லிவிட்டேன் என்று சொல்ல நினைத்தாள். அதற்குரிய வார்த்தைகள் நாக்குவரை வந்தன. குணவதி டைப் மிஷின் விசைகள்மேல் விரலை வைத்துக்கொண்டு காத்திருந்தாள்.

"அதுவும் செலஸ்டின்தாம்மா," என்றாள்.

குணவதி உடனே ஒன்றும் அடிக்கவில்லை. பழைய பதிவின் நகலை எடுத்துத் தேதியைப் பார்த்தாள். செலஸ்டினைப் பார்த்தாள். அவன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவள் மிஷினிலிருந்து தாளை மெதுவாக உருவி, நாலாக மடித்துக் குப்பைக்கூடையில் போட்டாள்.

"சத்தியம் பண்றதுக்கு முன்னாடியே சொல்லிட்டீங்க. நல்லதுதான்," என்றாள். "அண்ணே, இத வெச்சு ஒண்ணும் செய்ய முடியாது. ஒங்க ஞானஸ்நான சூராட்டு இருக்கில்ல, அத வெச்சு லேட்டா பதிய மனுப் போடலாம். அதுக்கப்புறம்தான் பிரஜாவுரிமை. மலாயில பேசச் சொல்லிப் பாப்பாங்க. நாளாகும். எவ்வளவு நாள்னு எனக்கே தெரியல."

புது மனுவை அவளே எழுதிக் கொடுத்தாள். செலஸ்டின் காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டான்.

திரும்பி வரும் பஸ்ஸில் அவன் அக்கா பக்கத்தில் உட்காரவில்லை. இரண்டு சீட்டு முன்னால் உட்கார்ந்தான். சுங்கைப்பட்டாணியில் இறங்கி, அவள் படியில் தடுமாறியபோது கையைப் பிடித்து இறக்கிவிட்டான். வீட்டில் விஷயத்தைச் சொன்னது பிரிஜெட்தான். அகத்தா அடுப்பங்கரையில் நின்றபடி கேட்டாள்.

"ஏன் அண்ணி அப்படிச் சொன்னீங்க?"

"தெரியல அகத்தா. அவனக் கண்ணால பாத்தவ நான் ஒருத்திதான் மிச்சம். எறந்தவங்க பேரச் சொல்லுன்னு கேட்டப்ப விட்டுட்டுப் போக முடியல."

அன்றைக்கு அகத்தா அண்ணிக்குச் சோறு போட்டபோது குழம்பை மட்டும் தானாக ஊற்றாமல், சட்டியை நகர்த்தி வைத்தாள்.

பெர்மிட் அடுத்த மார்ச்சில் முடிந்தது. தொழிற்சாலையில் இருபது வருஷத்துக்கு ஒரு சுவர்க்கடிகாரம் கொடுத்து அனுப்பினார்கள். செலஸ்டின் தஞ்சோங் டாவாயில் மீன் வியாபாரம் செய்யும் ஒரு சீனத் தௌக்கேயிடம் போய்ச் சேர்ந்தான். படகு வந்ததும் பெட்டிகளை இறக்குவது, ஐஸ் உடைத்துப் போடுவது, நெத்திலியை வெயிலில் பரப்புவது. தௌக்கே கார்டின் நிறத்தைக் கேட்கவில்லை. சம்பளம் பாதிதான். விடியுமுன் மோட்டார்சைக்கிளில் போய், மதியத்துக்கு மேல் வருவான். குளித்தாலும் போகாத வாடை. அந்த வாடையை நுகரும்போதெல்லாம் பிரிஜெட் இது நான் செய்தது என்று நினைத்துக்கொள்வாள். டக்ளஸ் மேலே படிக்கவில்லை. ஓர் எலெக்ட்ரானிக் தொழிற்சாலையில் சேர்ந்தான். இதையும் அவள் தன் கணக்கிலேயே வைத்துக்கொண்டாள். அவன் படிப்பில் அவ்வளவு கெட்டிக்காரன் இல்லை என்று அகத்தா சொன்னதை அவள் கேட்டுக்கொள்ளவில்லை.

அக்காவும் தம்பியும் தேவைக்கு மட்டும் பேசிக்கொண்டார்கள். தைலம் தீர்ந்தால் மேசைமேல் புதுக் குப்பி இருக்கும். யார் வைத்தது என்று சொல்ல மாட்டான்.

அந்த வருஷம் நவம்பரில் கல்லறைத் திருநாள் வந்தது. அவரவர் வீட்டில் இறந்தவர்களின் பெயரைத் துண்டுக் காகிதத்தில் எழுதிப் போட்டால் பூசையில் சாமியார் படிப்பார். பிரிஜெட் எப்போதும் அப்பா பெயரும் அம்மா பெயரும் மட்டும் எழுதிப் போடுவாள். செலஸ்டின் என்று எழுதினால், உயிரோடு உட்கார்ந்திருப்பவனை இறந்தவனாகப் படித்த மாதிரி ஆகிவிடும் என்று அந்தப் பெயரை ஒருநாளும் எழுதியதில்லை. அந்தத் தடவையும் இரண்டு பெயர்களைத்தான் எழுதினாள்; முன்னால் போய்ப் போட அவளுக்குக் கால் முடியாததால் காகிதத்தைச் செலஸ்டினிடம் கொடுத்துவிட்டாள். சாமியார் வரிசையாகப் படித்துக்கொண்டே வந்தார். "மரியராஜ். பாப்பம்மா. செலஸ்டின்."

முன்வரிசையில் இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள். ஜெரார்டும் பார்த்தார். செலஸ்டின் பீடத்தைப் பார்த்தபடி அசையாமல் உட்கார்ந்திருந்தான். பிரிஜெட் முக்காட்டை இழுத்து முகத்தை மூடிக்கொண்டாள். வெளியே வந்ததும் அவன் மோட்டார்சைக்கிளை அவள் நின்ற இடத்துக்கே கொண்டுவந்தான்.

"ஏறுங்க அக்கா. நடக்க முடியாது ஒங்களால."

அன்றிலிருந்து பழையபடி பேசினான். பழையபடி என்றால், அதிகமாக இல்லை. களைத்துப்போய் வருபவன் எவ்வளவு பேசுவானோ அவ்வளவு.

நீல ஐசி எண்பத்திரண்டில் வந்தது. நடுவில் நாலு தடவை அலோர் ஸ்டார் போய் வந்தான். மலாயில் கேள்வி கேட்டபோது மீன் விலையைப் பற்றிப் பேசி ஆபீசரைச் சிரிக்கவைத்துவிட்டதாகச் சொன்னான். கார்டைக் கொண்டுவந்து அகத்தா கையில் கொடுத்துவிட்டு உள்ளே போய்ப் படுத்துத் தூங்கிவிட்டான். தொழிற்சாலைக்குத் திரும்பிப் போகலாமே என்று வீட்டில் கேட்டார்கள். நாற்பத்தெட்டு வயதுக்காரனைப் புதிதாக யார் எடுப்பார்கள் என்று சொல்லிவிட்டு மறுநாள் தஞ்சோங் டாவாய்க்கே போனான்.

எண்பத்து நாலில் டக்ளஸுக்கு ஆண் குழந்தை பிறந்தது. மருமகளை ஆஸ்பத்திரியில் சேர்த்த நாளிலிருந்து செலஸ்டினுக்கு ஒரே யோசனை. ஆண் பிள்ளை என்றால் செலஸ்டின் என்று வைக்க வேண்டும். முறை அது. தகவல் வந்த காலையில் வேலைக்குப் போகாமல் அக்கா முன்னால் வந்து உட்கார்ந்தான்.

"அந்தப் பேர வெக்கலாமா அக்கா? நீங்க சொல்லுங்க."

பிரிஜெட் யோசித்துச் சொன்னாள். "வெக்காதேன்னு சொல்ல நான் யாரு தம்பி. அப்பா ஆசப்பட்டாரு. எதுவா இருந்தாலும் நீ எடுக்கற முடிவுதான்."

"எனக்குப் பயமாத்தான் இருக்கு. அந்தப் பேர வெச்சா அதுக்கும் என்னமாச்சும் பேப்பர் கோளாறு வந்துருமோன்னு."

இருவரும் இதைப் புரட்டிப் புரட்டிப் பேசிக்கொண்டிருந்தபோதே டக்ளஸ் வந்தான். இரவெல்லாம் ஆஸ்பத்திரி பெஞ்சில் உட்கார்ந்திருந்ததில் கண் சிவந்திருந்தது. குழந்தைக்கு என்ன பெயர் வைப்பது என்று அப்பா தொடங்கியதும், அவன் செருப்பைக் கழற்றிக்கொண்டே சொன்னான்.

"கெவின்னு எழுதிக் குடுத்துட்டோம்ப்பா. அவளுக்குப் புடிச்ச பேரு. ஈசியா இருக்கு லா, கூப்பிட."

செலஸ்டின் மகனையே பார்த்துக்கொண்டிருந்தான். கோபப்படுவான் என்று பிரிஜெட் எதிர்பார்த்தாள். அவன் நாற்காலியில் சாய்ந்து காலை நீட்டினான்.

"நல்ல பேருதான்," என்றான்.

டக்ளஸ் குளிக்கப் போனான். அகத்தா ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக பூண்டுக் குழம்பைக் கேரியரில் ஊற்றிக்கொண்டிருந்தாள். செலஸ்டின் எழுந்திருக்காமல், அக்காவைப் பார்க்காமல் கேட்டான்.

"அவன் எப்படி இருப்பான் அக்கா?"

யாரைக் கேட்கிறான் என்று புரிய அவளுக்குக் கொஞ்சம் நேரம் பிடித்தது.

"கருப்பு. ஒன்னவிட கருப்பு. தலை நெறைய முடி. மொட்ட போடணும்னு அம்மா சொல்லிக்கிட்டே இருந்துச்சு, போடல."

"பேச்சு வந்துச்சா?"

"வந்துச்சு. எம்பேரு வாயில நொழையாது. பிச்சின்னு கூப்பிடுவான். இடுப்புல இருந்து எறக்கிவிட்டா எம் பாவாடையப் புடிச்சுக்கிட்டு பிச்சி, பிச்சின்னு பின்னாடியே வருவான். காக்காயக் கண்டா பயம். கோழியக் கண்டா தொரத்துவான்."

"எதுல போட்டாங்க? பெட்டியா?"

"டீத்தூள் வந்த மரப்பெட்டி. கிராணி குடுத்தாரு. ஒரு பக்கம் எழுத்து இருந்துச்சு. அந்தப் பக்கத்த உள்ள வெச்சு அப்பா ஆணி அடிச்சாரு."

அவன் தலையை ஆட்டினான். இன்னும் கேட்பதற்கு இருந்தது போல உட்கார்ந்திருந்தான். உள்ளேயிருந்து அகத்தா, பஸ் போய்விடும், கிளம்புங்கள் என்றாள். பிரிஜெட் சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். கேரியரைத் தானே வாங்கிக்கொண்டு செலஸ்டின் முன்னால் நடந்தான். அவள் கால்களுக்கு ஏற்ற மாதிரி மெதுவாகத்தான் நடந்தான்.

"கோழிய வேற தொரத்துவானா?" என்று தெருமுனையில் திரும்பிக் கேட்டான்.

"தொரத்துவான். புடிக்கத்தான் தெரியாது," என்றாள் அவள்.